தலைதூக்க விடாமல் சுடுவது: அணியாக ஆடும் போர் விளையாட்டுகளுக்குப் புதியவர்களுக்காக

அணியாகச் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டுக்குள் புதிதாக வருபவர்கள் ஒரு வாரத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "எனக்குக் குறி பார்க்க வரவில்லை, அதனால்தான் செத்துக்கொண்டே இருக்கிறேன்." உடனே மவுஸின் வேகத்தை மாற்றுகிறார்கள். பயிற்சிக் களத்தில் மணிக்கணக்காக இலக்குப் பலகைகளைச் சுடுகிறார்கள். திரும்பி வந்தால் மறுபடியும் அதே கதைதான். களத்தில் தோன்றி, இரண்டு நிமிடம் ஓடி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு தோட்டாவில் விழுகிறார்கள்.

ஸ்குவாட், ஹெல் லெட் லூஸ் மாதிரியான விளையாட்டுகளில் பல வருடங்களாக அணித்தலைவராக இருந்து புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். குறி பார்ப்பதில் அவர்களுக்கும் பழைய ஆட்டக்காரர்களுக்கும் இருக்கும் வித்தியாசம் அவர்கள் நினைப்பதைவிடச் சின்னது. பழையவர் எழுந்து ஓடும்போது, அவரைச் சுடக்கூடிய எதிரி தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். புதியவர் ஓடும்போது அதே எதிரி நிதானமாகக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறார். சண்டையின் முடிவு பெரும்பாலும் இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

எதிரியைக் குனிய வைப்பது ஒரு தனி வேலை. சப்ரஷன் என்று வாய்ஸ் சாட்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். கண்டபடி சுட்டுத் தள்ளுவது என்று சிலர் நினைக்கிறார்கள். தோட்டா பக்கத்தில் போனால் திரை மங்குமே, அதுதான் என்று சிலர். மெஷின் கன் வைத்திருப்பவரின் தலைவலி, நமக்கு என்ன என்று மீதிப் பேர். மூன்றுமே விஷயத்தின் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடியிலிருந்து பார்ப்போம்.

## மறைப்பது ஒன்று, தடுப்பது இன்னொன்று

ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றால் உங்களை யாருக்கும் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து ஒரு கல் வந்தால் திரைச்சீலை அதைத் தடுக்காது. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் நின்றால் கல்லும் வராது, கண்ணும் படாது. திரைச்சீலை வெறும் மறைப்பு. சுவர் காப்பு, விளையாட்டில் எல்லோரும் கவர் என்று சொல்வது இதைத்தான்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் சாவுக்குக் காரணம். புதர், உயர்ந்த புல், மரவேலி, மெல்லிய தகரம், புகை எல்லாமே மறைப்பு. நீங்கள் புதருக்குள் நுழைவதை எதிரி பார்த்துவிட்டால், அவர் புதரையே சுடுவார். உங்கள் முகம் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதனால் புதருக்குள் போனதும் படுத்தபடி சில அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுங்கள். மறைப்பு வேலை செய்வது, நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பது தெரியாதவரை மட்டும்தான்.

கவருக்கும் ஒரு குறை உண்டு: அது ஒரு பக்கத்தைத்தான் காக்கும். சுவருக்குப் பின்னால் குந்தியிருப்பவருக்கு முன்னாலிருந்து ஆபத்து இல்லை; இடது பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அவர் திறந்த வெளியில் நிற்பவர்தான். 2012-இல் வந்த எக்ஸ்காம் விளையாட்டு இதை எண்களாகவே காட்டியது. அரைச் சுவர் அளவுள்ள கவர், எதிரியின் குறி பலிக்கும் வாய்ப்பிலிருந்து நூற்றுக்கு 20 புள்ளியைக் குறைக்கும், ஆள் உயரக் கவர் 40 புள்ளியைக் குறைக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டுமே பூஜ்யம். முறை வைத்து ஆடும் விளையாட்டு அது. நேரடியாக ஓடிச் சுடும் விளையாட்டுகளில் எண்கள் திரையில் தெரியாது, ஆனால் கணக்கு இதேதான்.

சுருக்கமாகச் சொன்னால், மறைப்பு கண்ணைத் தடுக்கும், கவர் தோட்டாவைத் தடுக்கும், எந்தக் கவருக்கும் ஒரு திறந்த பக்கம் உண்டு. கீழே வரப்போகும் எல்லாமே அந்தத் திறந்த பக்கத்துக்கு ஒருவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றித்தான்.

## வாசலை நோக்கிப் பிடித்த குழாய்

நீங்கள் ஒரு வீட்டுக்குள் இருக்கிறீர்கள். வெளியே ஒருவர், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை உங்கள் வாசலை நோக்கிப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார். உங்கள்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. ஆனாலும் நீங்கள் வெளியே வரமாட்டீர்கள். தண்ணீர் தொடர்ந்து வர வேண்டும் என்றுகூட இல்லை. சில நொடிகளுக்கு ஒரு முறை பீய்ச்சினாலே போதும், அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் உள்ளேயே நிற்பீர்கள். அந்த நேரத்தில் அவருடைய கூட்டாளி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறார்.

சப்ரஷன் என்பது இவ்வளவுதான். எதிரி தலையைத் தூக்கினால் அடிபடுவோம் என்று நம்பும்படி, அவர் தலைதூக்கக்கூடிய இடத்தில் தோட்டாக்களை வைத்துக்கொண்டே இருப்பது. யாரையும் கொல்லாமலே இது முழுமையாக வேலை செய்யும்.

குழாய் உதாரணத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. குழாயைப் பிடித்தவர் அங்கேயே நிற்க வேண்டும். அவரே பின்வாசலுக்கு ஓடினால் தண்ணீர் நின்றுவிடும், நீங்களும் வெளியே வந்துவிடுவீர்கள். பின்வாசல் கூட்டாளி வராவிட்டாலோ, தொட்டி காலியாகும்வரை பீய்ச்சியும் பயனில்லை. ஒருவர் பிடிக்க, ஒருவர் நகர என்று இருவர் சேர்ந்தால்தான் இது ஒரு உத்தி. தனியாகச் செய்தால் ஒருவர் தோட்டாவை வீணாக்கியிருப்பார், மற்றவர் உயிரை.

விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். நிஜத்தில் தோட்டா காதருகே போனால் பயம் தானாக வரும். விளையாட்டில் செத்தால் அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்பதால் பயம் குறைவு. அதனால் பயத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது வைக்கிறார்கள். 2006-இல் வந்த கம்பெனி ஆஃப் ஹீரோஸில் மெஷின் கன் சூட்டுக்குள் மாட்டிய அணி தரையோடு ஊர்ந்துதான் போக முடியும். சூடு தொடர்ந்தால் அப்படியே முடங்கிவிடும். 2005-இல் வந்த பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸில் எதிரிகளின் தலைக்கு மேலே ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். சுடச் சுட அது சாம்பல் நிறமாக மாறும், முழுக்கச் சாம்பலானால் நகரலாம் என்று பொருள். ஸ்குவாடில் திரை மங்கும், துப்பாக்கி ஆடும். 2023-இல் வந்த ஒரு பெரிய மாற்றத்தில் துப்பாக்கி இப்படி ஆடுவதை நன்றாகவே கூட்டினார்கள். சிலர் அதை வெறுத்தார்கள், என்னைப் போன்ற சிலர் வரவேற்றோம். திரை மங்குவது பயத்துக்கு ஒரு பதிலி, அவ்வளவுதான். திரை மங்காத விளையாட்டிலும் சப்ரஷன் உண்டு. ஜன்னல் விளிம்பில் சுண்ணாம்பு தெறித்துக்கொண்டிருக்கும்போது அங்கே தலையை நீட்ட யாருக்கும் மனம் வராது.

## எவ்வளவு சுடுவது

சப்ரஷன் என்று சொன்னதும் பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் சுடுபவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பல விளையாட்டுகளில் வரும் இலகு ரக மெஷின் கன்னில் 200 தோட்டாக்கள் கொண்ட பெட்டி இருக்கும். அது நிமிடத்துக்குச் சுமார் 800 தோட்டா சுடும். விரலை எடுக்காவிட்டால் 15 நொடியில் பெட்டி காலி. அந்த 15 நொடியில் உங்கள் ஆட்கள் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டார்கள். அப்புறம் பெட்டி மாற்றும் நேரம் முழுவதும் எதிரிக்கு இலவசம்.

அதே பெட்டியை ஆறு ஆறு தோட்டாக்களாக, நான்கு நொடிக்கு ஒரு முறை சுட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வரும். இரண்டு நிமிடத்தில் ஒரு கட்டடத்தையே சுற்றிப் போய்விடலாம். இரண்டு மெஷின் கன்கள் இருந்தால் இன்னும் நல்லது: ஒன்று சுட்டு நிறுத்தியதும் மற்றது ஆரம்பிக்கட்டும், இருவரும் பேசிக்கொள்வது மாதிரி. ஒருவர் பெட்டி மாற்றும்போது "மாத்துறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றவர் அந்த இடைவெளியை நிரப்புவார்.

மெஷின் கன் இல்லாவிட்டாலும் செய்யலாம். சாதாரணத் துப்பாக்கியோடு இரண்டு பேர் மாற்றி மாற்றி இரண்டு நொடிக்கு ஒரு தோட்டா வைத்தால் ஒரு ஜன்னலை மூடிவிடலாம். ஜன்னலுக்குள் யாரும் தெரிகிறார்களா என்று காத்திருக்கக் கூடாது. சட்டத்தின் கீழ் விளிம்பையும் இரண்டு ஓரங்களையும் சுட வேண்டும், ஏனென்றால் தலை அங்கேதான் முளைக்கும்.

## முதலில் வருவது தோட்டாவின் சத்தம்

எங்கே சுடுவது என்று தெரிந்தால்தானே எதிரியைக் குனிய வைக்க முடியும்? இங்கே காதுதான் உதவும், ஆனால் காது ஏமாற்றவும் செய்யும்.

நவீன ராணுவத் துப்பாக்கியின் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அதனால் தோட்டா தன் துப்பாக்கியின் சத்தத்தை முந்திக்கொண்டு வருகிறது. ஒலியைவிட வேகமாகப் போகும் பொருள் காற்றில் சாட்டை அடித்த மாதிரி ஒரு "சடக்" எழுப்பும். நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான், அதுவும் உங்கள் தலைக்கு மேலேயே. அதற்கப்புறம்தான் துப்பாக்கி இருக்கும் திசையிலிருந்து மங்கலாக ஒரு "தும்" வரும். 300 மீட்டர் தூரம் என்றால் இரண்டுக்கும் நடுவே அரை நொடி இருக்கும். சடக்கும் தும்மும் ஒட்டியே கேட்டால் எதிரி மிகவும் பக்கத்தில் இருக்கிறார்.

ஸ்குவாட், ஆர்மா 3 போன்ற விளையாட்டுகள் இதை அப்படியே செய்து வைத்திருக்கின்றன. புதியவர் சடக் கேட்ட பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத வேலியைப் பார்த்துச் சுடுவார். நீங்கள் படுத்துக்கொண்டு, தும்முக்காகக் காத்திருங்கள். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

## மரம் ஏறுகிற மாதிரி நகர்வது

மரம் ஏறுபவர் ஒரு கை கிளையைப் பிடித்திருக்கும்போதுதான் மறு கையை மேலே நீட்டுவார். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விட்டால் விழுவார். அணி நகர்வதும் அப்படித்தான். பாதிப் பேர் பிடித்திருக்க வேண்டும், அதாவது கவரில் இருந்து எதிரியைப் பார்த்துச் சுட வேண்டும். மீதிப் பாதி அடுத்த கவருக்கு ஓட வேண்டும். ஓடியவர்கள் படுத்துச் சுட ஆரம்பித்ததும், இவர்கள் எழுந்து ஓடலாம்.

ஓட்டம் குறுகியதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் காலாட்படையில் மூன்றிலிருந்து ஐந்து நொடி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓடும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சிப்பாய்களுக்கு ஒரு வாய்பாடே உண்டு: "எழுந்தேன், பார்த்துவிட்டான், படுத்தேன்." எதிரி உங்களைக் கவனித்து, துப்பாக்கியைத் திருப்பி, குறியை நிலைப்படுத்தி, விரலை அழுத்த ஆகும் நேரம் அது. விளையாட்டிலும் கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுவதற்கு முன்பே எங்கே போய்ப் படுக்கப் போகிறோம் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு தேடினால் ஐந்து நொடி பத்தாகிவிடும்.

பக்கவாட்டில் போய் எதிரியின் திறந்த பக்கத்தைப் பிடிப்பதை ஃபிளாங்க் என்கிறார்கள். இந்தச் சொல்லும் தாராளமாகப் புழங்குகிறது. யாரிடமும் சொல்லாமல் தனியாக வரைபடத்தின் ஓரம் வழியாக ஐந்து நிமிடம் ஓடுவதற்கும் ஃபிளாங்க் என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். எதிரி யாராலும் பிடித்து வைக்கப்படாமல் சும்மா இருந்தால், அவர் சாதாரணமாகத் திரும்பி உங்களைப் பார்ப்பார். அப்போது உங்களுக்குப் பக்கவாட்டு என்று ஒன்றே கிடையாது. முன்னால் ஒருவர் பிடித்து வைத்திருந்தால்தான் எதிரிக்குப் பக்கம் என்று ஒன்று உண்டாகிறது.

சுடும் குழுவும் சுற்றிப் போகும் குழுவும் எதிரியிடம் ஏறக்குறைய செங்கோணமாகச் சந்தித்தால் நல்லது. நேரெதிரே போய் நின்றால் இரு குழுவும் ஒன்றையொன்று சுட்டுவிடும். இந்த மாதிரி விளையாட்டுகள் பலவற்றில் சொந்த ஆளையும் தோட்டா கொல்லும். சுற்றிப் போனவர்கள் நெருங்கியதும் "சூட்டை வலப்பக்கம் நகர்த்துங்க" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் சுடுபவர்கள் அடுத்த ஜன்னலுக்கோ கட்டடத்தின் மறுமுனைக்கோ மாறிக்கொள்வார்கள். சுடுவதை முழுக்க நிறுத்திவிடக் கூடாது. சத்தம் நின்றால் உள்ளே இருப்பவர் தலையைத் தூக்குவார்.

இந்த முறை விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. முதல் உலகப் போரில் வரிசை கட்டி மெஷின் கன்னை நோக்கி நடந்த படைகள் பட்ட அடியிலிருந்து வந்தது. 1917 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவம் சில பத்துப் பேர் கொண்ட தன் சிறு படையான பிளாட்டூனையே மாற்றி அமைத்தது: லூயிஸ் ரக மெஷின் கன்னுக்கு ஒரு பிரிவு, கையெறி குண்டுக்கு ஒன்று, துப்பாக்கியிலிருந்து ஏவும் குண்டுக்கு ஒன்று, சாதாரணத் துப்பாக்கிக்கு ஒன்று. சில பிரிவுகள் எதிரியைப் பிடித்து வைக்க, சில பிரிவுகள் பக்கவாட்டில் போக வேண்டும். இன்றைய அமெரிக்கக் காலாட்படையின் ஒன்பது பேர் அணியும் அதே யோசனைதான்: ஒரு தலைவர், நான்கு பேர் கொண்ட இரண்டு குழுக்கள். ஸ்குவாட் விளையாட்டிலும் ஓர் அணிக்கு ஒன்பது பேர்தான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ஒரு பாதி எதிரியைக் குனிய வைக்கிறது, மறு பாதி குறுகிய ஓட்டங்களாகத் திறந்த பக்கத்துக்குப் போகிறது, நெருங்கியதும் சூடு தள்ளிப் போகிறது.

## பூஜ்யம் எடுத்த ஆட்டக்காரர்

ஒரு ஆட்டம் நினைவிருக்கிறது. இரண்டு மாடி வீடு ஒன்றில் எதிரிகள் இருந்தார்கள். மேல் ஜன்னலிலிருந்து சாலை முழுவதையும் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் அணியின் மெஷின் கன் அன்று முதல்முறை ஆடும் ஒருவர் கையில் இருந்தது. இடிந்த சுவர் ஒன்றின்மேல் துப்பாக்கியின் கால்களை ஊன்றச் சொன்னேன். "அண்ணா, யாரையும் காணோமே, எதைச் சுட?" என்றார். ஜன்னலைச் சுடுங்கள் என்றேன். "ஆள் இல்லையே?" ஆள் வரக் கூடாது, அதற்குத்தான் என்றேன்.

அவர் சுட ஆரம்பித்தார். ஆறு தோட்டா, நிறுத்தம், ஆறு தோட்டா, நிறுத்தம். ஜன்னல் சட்டத்திலிருந்து தூசி பறந்தது. நாங்கள் நான்கு பேர் இடப்பக்கம் இருந்த வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கிக் குனிந்தபடி ஓடினோம். பாதி வழியில் சில நொடி சத்தம் நின்றது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே "மாத்துறேன், மாத்திட்டேன்" என்று அவர் குரலும், பின்னாலேயே சூடும் வந்தன. வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. மாடிப்படி ஏறிப் பார்த்தால் இரண்டு பேர் ஜன்னலுக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்திருந்தார்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஆட்டம் முடிந்து மதிப்பெண் பட்டியல் வந்தபோது அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒருவரையும் சுடவில்லை. "ஸாரி அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணல" என்றார். அந்த வீட்டைப் பிடித்தவர் அவர்தான் என்று புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மதிப்பெண் பட்டியல் இந்த வேலையைக் காட்டுவதில்லை. புதியவர்கள் தப்பாகக் கற்றுக்கொள்வதற்கு அதுவே ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2004-இல் வந்த ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர் என்ற பழைய விளையாட்டில் ஆட்டக்காரர் ஒரு தோட்டாகூடச் சுட முடியாது. நான்கு பேர் கொண்ட இரண்டு குழுக்களுக்கு உத்தரவு மட்டும்தான் கொடுக்கலாம். கிடைத்தால் ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், விஷயம் சட்டென்று விளங்கும்.

## ஏன் ஒருவர் ஒருவராகப் போகக் கூடாது

செத்துத் திரும்பியவர் உடனே தனியாகச் சண்டைக்கு ஓடுவார். அவர் போய் விழுந்ததும் அடுத்தவர் வருவார். இதில் என்ன கெட்டுப்போகிறது என்று எண்களால் காட்டலாம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய நிலையில், சம திறமையுள்ள இரு தரப்பு மோதினால், ஒரு தரப்பின் வலு அதன் ஆள் எண்ணிக்கையின் வர்க்கம். ஐந்து பேரும் மூன்று பேரும் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தின் வர்க்கம் 25, மூன்றின் வர்க்கம் 9, மீதி 16. அதன் வர்க்கமூலம் 4. அதாவது மூன்று பேர் பக்கம் முழுதும் காலி, ஐந்து பேர் பக்கத்தில் இழப்பு ஒன்றே ஒன்று.

இப்போது அதே மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் கழிவது 1 மட்டும். 25-இலிருந்து மூன்று முறை கழித்தால் 22. வர்க்கமூலம் ஏறத்தாழ 4.7. சேர்ந்து வந்தபோது எதிரியில் ஒருவரைச் சாய்த்த அதே மூன்று பேரால், தனித்தனியாக வந்து ஒருவரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சாய்க்க முடிகிறது. இது எளிமையாக்கப்பட்ட கணக்கு, நிஜச் சண்டை இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் திசை இதுதான்.

சப்ரஷனின் முழு மதிப்பு எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு. ஐந்துக்கு ஐந்து சண்டையில் எதிரியில் இருவரைக் குனிய வைத்துவிட்டால், அந்தச் சில நொடிகளுக்கு அது ஐந்துக்கு மூன்று. குனிந்திருப்பவர் செத்தவருக்குச் சமம், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை.

அதனால் திரும்பி வந்ததும் ஓடாதீர்கள். இன்னும் இரண்டு பேர் வரட்டும், இருபது நொடி பொறுங்கள்.

## பேச்சு

மைக் இல்லாமல் இந்த விளையாட்டுகளை ஆட முடியும், ஆனால் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. பேசுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். "அதோ, அங்கே, மரத்துக்குப் பக்கத்துல" என்றால் யாருக்கும் புரியாது. திரையில் இருக்கும் திசைகாட்டியின் எண், தூரம், என்ன என்று மூன்றையும் அந்த வரிசையில் சொல்லுங்கள்: "240, நூறு மீட்டர், சிவப்புக் கூரை, மேல் ஜன்னல்ல ரெண்டு பேர்." திசை முதலில் வந்தால் கேட்பவர் நீங்கள் பேசி முடிப்பதற்குள் திரும்பிவிடுவார்.

செத்துக் கிடக்கும்போது வாயைத் திறந்து புலம்பாமல், கடைசியாக எந்தத் திசையிலிருந்து அடிபட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகுங்கள். உயிரோடு இருப்பவர்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

## புகையும் மருத்துவரும்

புகைக்குண்டு மறைப்புதான், கவர் இல்லை. இதை மறந்து தங்கள் காலடியிலேயே போட்டுக்கொண்டு நடுவில் நிற்பவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். எதிரி அந்த வெள்ளை உருண்டையின் நடுவைச் சுட்டாலே போதும். புகையை உங்களுக்கும் எதிரிக்கும் இடையே, கூடியவரை எதிரிக்கு நெருக்கமாகப் போடுங்கள். அவருடைய ஜன்னலுக்கு முன்னாலேயே புகை எழுந்தால், அவருக்கு மொத்தச் சாலையும் மறைந்துவிடும்.

திறந்த வெளியில் ஒருவர் விழுந்தால், மருத்துவராக ஆடுபவருக்குக் கை பரபரக்கும். உடனே ஓடுவார், அதே இடத்தில் அதே துப்பாக்கியால் அவரும் விழுவார், அவரைத் தூக்க மூன்றாமவர் ஓடுவார். அடித்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வரிசை எப்போதும் இதுதான்: முதலில் அந்த ஜன்னலைச் சுட ஒருவர், அப்புறம் புகை, அப்புறம் மருத்துவர். விழுந்தவருக்குப் பொதுவாகச் சில நிமிடம் அவகாசம் இருக்கும். பதினைந்து நொடி தாமதித்தால் ஒன்றும் குறையாது.

## முதல் சில ஆட்டங்களுக்கு

சாதாரணத் துப்பாக்கிக்காரராக ஆரம்பியுங்கள். தூரத்திலிருந்து குறி வைக்கும் ஸ்னைப்பர் வேலையைத் தொடாதீர்கள். அது அணியிலிருந்து உங்களைப் பிரித்துவிடும், கற்றுக்கொள்ள வேண்டிய எதையும் கற்றுத்தராது. அணித்தலைவர் கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள், ஆனால் ஒரே குண்டில் இருவரும் விழாதபடி பத்து மீட்டராவது இடைவெளி விடுங்கள். அவர் ஓடும்போது நீங்கள் ஓடாதீர்கள். அவர் எங்கே சுடப்படலாம் என்று பார்த்து அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பி வையுங்கள்.

ஒவ்வொரு முறை சாகும்போதும் களத்துக்குத் திரும்பக் காத்திருக்கும் திரையில் அரை நிமிடம் கிடைக்கும். என்னை அடித்தவரை அந்த நேரத்தில் யார் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது யோசியுங்கள். "யாரும் இல்லை" என்பதுதான் முதல் வாரம் முழுக்க விடையாக இருக்கும். அடுத்த முறை எழுந்து ஓடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் மைக்கில் கேளுங்கள்: "நான் அந்தச் சுவருக்குப் போறேன், மேல் ஜன்னலைப் பாத்துக்கிறீங்களா?" அவர் சுட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டதும் எழுந்திருங்கள்.